நடுத்தர எண்ணெய்க்கு ஏற்ற பந்து

தர நிர்ணய அலுவலகத்தில் குடைகளை விரித்து மடக்கிப் பார்ப்பதுதான் குடையம்மாவின் வேலை. காலையில் வந்து உட்கார்ந்தால் மாலைவரை விரிப்பாள், மடக்குவாள். கம்பி முறிந்தால் ஒரு முத்திரை, முறியாவிட்டால் இன்னொரு முத்திரை. வெளியே மழையா வெயிலா என்று அவளுக்குத் தெரியாது. குடைப் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது புழக்கத்தில் இல்லை.

அந்த அலுவலகம் லேசுப்பட்டதல்ல. ஆணி எவ்வளவு நீளம் இருந்தால் ஆணி, சீப்புக்கு எத்தனை பல் இருந்தால் சீப்பு, தலையணை எவ்வளவு அமுங்கினால் தலையணை என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். ஊழியர்கள் உட்காரும் நாற்காலிகள் மட்டும் சோதனையில் தோற்றவை. தோற்றதை வெளியே விற்கக் கூடாது என்று விதி. அதனால் உள்ளே போட்டுக்கொண்டார்கள்.

குடைகளால் அவளுக்கு ஒரு லாபமும் இருந்தது. மணிக்கட்டு இரும்பாகிவிட்டது. கடைத்தெருக் கட்டடத்தின் மேல்மாடியில் பௌலிங் கூடம் திறந்தபோது, ஒரு விடுமுறை நாளில் கணவர் அவளை அங்கே அழைத்துப்போனார். வழவழவென்று நீண்டு கிடக்கும் மரப்பாதை, அதன் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகள், கையில் மூன்று துளை போட்ட கனத்த பந்து. அவள் உருட்டினாள். பத்தும் விழுந்தன. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விழுந்தவை விழுந்தபடியே கிடந்தன.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும், நாத்தனார் இல்லாமல் இருந்திருந்தால்.

நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, வாகன உரிம அலுவலகத்தில் தேர்வு அதிகாரி. வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லியே பெரிய பெரிய ஆட்களை அழவைத்தவர். அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் பௌலிங் போட்டியில் சுழற்கோப்பையை வருடா வருடம் அவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கிய கோப்பையைக் கொண்டுவந்து வைத்தது தம்பி வீட்டு ஹாலில்.

"எங்க வீட்டு ஷோகேஸ் நிரம்பிடுச்சும்மா. உங்க ஹால் சும்மாத்தானே கெடக்கு. வாரம் ஒருதரம் துடைச்சு மட்டும் வை" என்றார்.

குடையம்மா துடைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "அட, நீங்க ஜெயிச்சதா?" என்று கேட்டார்கள். "இல்ல, எங்க அண்ணி" என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒருநாள், தன் அலுவலகத்தின் சார்பில் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

போட்டி அறிவிப்பில், பாதைகள் நடுத்தர எண்ணெய் நிலையில் இருக்கும் என்று ஒரு வரி இருந்தது. கூடத்தில் பொதுவாகக் கிடக்கும் பந்துகளில் அவள் கட்டைவிரல் ஒன்றில் ஆடியது, இன்னொன்றில் இறுகியது. சொந்தமாகப் பந்து வேண்டும். கணவரோடு கூடத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் வாய் ஓயாதவர்.

"பாருங்கக்கா, பாதையில எண்ணெய் பூசியிருப்பாங்க. நிறைய பூசுனா பந்து வழுக்கிட்டு நேரா ஓடிரும். கம்மியா பூசுனா எடுத்த எடுப்புலயே பிடிச்சுக்கிட்டு வளைஞ்சிரும். மீடியம்னா ரெண்டுக்கும் நடுவுல. அதுக்கு ரொம்ப முரட்டுப் பந்தும் ஆகாது, ரொம்ப மழமழப்பும் ஆகாது. இதோ, இது பாதி தூரம் சமர்த்தா நேராப் போகும். கடைசியில சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பும்."

"அப்படியே எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் குடையம்மா.

கணவர் அலமாரியில் இருந்த காலணிகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அங்கேயே பணத்தைக் கொடுத்துப் பந்தை வாங்கி வந்திருக்கலாம். ஆனால் அலுவலகத்தின் பெயரில் எதைச் செய்தாலும் அலுவலகம் சோதித்த பொருளைக் கொண்டே செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஆகவே மறுநாள் விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு துணை இயக்குநரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவருக்கு உபவிதி என்று பட்டப்பெயர். எந்த விதியைக் காட்டினாலும் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் இன்னொன்றை எடுத்துக் காட்டுவார்.

"நடுத்தர நிலைன்னு எழுதியிருக்கீங்களே, நடுத்தரம்னா எவ்வளவு?"

"மீடியம் சார்."

"அது வேற வார்த்தை. நான் கேக்கறது அளவு."

"ரொம்ப ஜாஸ்தியும் இல்ல, ரொம்பக் கம்மியும் இல்ல சார்."

உபவிதி பேனாவை மூடி வைத்தார். "நீங்க சீனியர் ஊழியர். இப்படிப் பேசலாமாம்மா? நாளைக்கு ஒருத்தன் வந்து, ரொம்பப் பெருசும் இல்ல ரொம்பச் சிறுசும் இல்லன்னு சொல்லி ஒரு ஆணியை நீட்டுவான். நாம அதை ஆணின்னு ஏத்துக்கணுமா?"

குழு அமைக்கப்பட்டது.

தலைவர், இயக்குநர். செயலாளர், உபவிதி. எண்ணெய் சம்பந்தப்பட்டிருப்பதால் சமையல் எண்ணெய்ப் பிரிவின் அதிகாரி. பந்து சம்பந்தப்பட்டிருப்பதால் கால்பந்துப் பிரிவின் அதிகாரி. ஆடப்போகிறவள் என்பதால் குடையம்மாவுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள், கதவுக்குப் பக்கத்தில், பேசும் உரிமை இல்லாமல்.

குழு முதலில் பௌலிங் கூடத்தைப் பார்வையிடப் போனது. கூடத்து மேலாளர், அரசு அலுவலகம் தன் கூடத்தைத் தேடி வந்ததே என்று பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு, எண்ணெய் அதிகாரி தெருவில் நடந்த செருப்போடு பாதைமேல் ஏறும்வரை நீடித்தது.

"சார், சார், அதுமேல நடக்கக் கூடாது சார்!"

"நடக்காம எப்படித் தெரியும்?" என்ற எண்ணெய் அதிகாரி, சொல்லி முடிக்கும் முன் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே விரலால் தொட்டு முகர்ந்தார், நாக்கில் வைத்தார், கண்ணை மூடினார். குழு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"பொரிக்கறதுக்கு ஆகாது" என்றார்.

உபவிதி எழுதிக்கொண்டார்.

பிறகு அளவெடுக்க வேண்டும். பாதையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அறிய எண்ணெய் அதிகாரி ஒற்றுத்தாள்களைப் பரப்பி ஒற்றி எடுத்தார். துல்லியம் வேண்டுமே என்று கோடிவரை ஒற்றினார். எல்லாத் தாள்களையும் எடைபோட்டு முடித்துப் பாதையைப் பார்த்தால், அது காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

"இதுல எண்ணெயே இல்லையே. இதையா நடுத்தரம்னு சொல்றீங்க?" என்று உபவிதி மேலாளரைக் கேட்டார்.

"இப்போ நீங்கதானே சார் துடைச்சீங்க?"

"துடைச்சா போயிடற நடுத்தரம் என்ன நடுத்தரம்?"

மேலாளர் மறுபடி எண்ணெய் பூச வைத்தார். குழு மறுபடி ஒற்றியது. அடுத்த முறை பூச அவர் மறுத்துவிட்டார்.

இதற்குள் கால்பந்து அதிகாரி தன் வேலையைத் தொடங்கியிருந்தார். கூடத்தில் பொதுவாகக் கிடந்த பந்து ஒன்றைக் கையில் எடுத்துக் காற்றடைக்கும் துவாரத்தைத் தேடினார். அது இல்லை. அதற்குப் பதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

"மூணு இடத்துல காத்து போயிருக்கு" என்றார் கவலையோடு. எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்க, தோள் உயரத்திலிருந்து பந்தைக் கீழே விட்டார். பந்து துள்ளவில்லை. தரை உள்வாங்கியது. மேலாளர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கடைசியாகப் பறக்கும் தூரச் சோதனை. கால்பந்து அதிகாரி நாலெட்டுப் பின்னால் போனார்.

பேசும் உரிமை இல்லாத குடையம்மாவால் அப்போது சும்மா இருக்க முடியவில்லை. "சார், உதைச்சிராதீங்க!"

உபவிதி அவளை ஒரு பார்வை பார்த்தார். கால்பந்து அதிகாரி ஓடிவந்து உதைத்தார்.

அதற்கடுத்த கூட்டங்களில் அவர் கட்டுப்போட்ட காலைத் தனி நாற்காலியில் வைத்துக்கொண்டு கலந்துகொண்டார். அந்த நாற்காலியும் சோதனையில் தோற்றதுதான். நடுவில் ஒருமுறை அது சரிந்து கால் கீழே விழுந்தது.

நடுத்தரம் என்றால் எவ்வளவு என்பதில் கருத்து ஒத்துவரவில்லை. அதிகம் எது, குறைவு எது என்று முதலில் தெரிய வேண்டும், அதன்பிறகே நடு என்றார் உபவிதி. அதிகத்துக்கு ஒரு துணைக்குழுவும் குறைவுக்கு ஒரு துணைக்குழுவும் போடப்பட்டன. அதிகத்துக்கான துணைக்குழு மேற்கொண்டு ஆட்கள் வேண்டும் என்று கேட்டது. குறைவுக்கான துணைக்குழுவில் யாரும் சேரவில்லை. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, நடுத்தரம் எதுன்னு கேட்டுக் குழம்பறோம். நான் கேக்கறேன், நடுத்தரத்தைப் பத்தி நம்மளைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? நான் வகுப்புல நடு பெஞ்சுல உக்காந்தவன். எந்தப் பரிட்சையிலயும் முந்தினதில்ல, பிந்தினதும் இல்ல. வேலையில எந்த முடிவும் எடுத்ததில்ல, அதனால எந்தத் தப்பும் பண்ணினதில்ல. அப்படியே மெல்ல மெல்ல மேல வந்து, இன்னிக்கு உங்க முன்னாடி நிக்கறேன். நடுத்தரத்தோட பலம் அதுதான்!"

கைதட்டல் அடங்க நேரமானது. அந்த உற்சாகத்தில், கடையில் இருந்த பந்துகளில் நடு வரிசையில் நடுவில் இருந்ததையே வாங்குவது என்று முடிவாயிற்று. அது கடைக்காரர் முதல் நாளே காட்டிய பந்துதான். குடையம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"அப்போ என் விரல் அளவைக் கொடுத்துத் துளை போடச் சொல்லிடலாமா சார்?" என்று கேட்டாள்.

"உங்க விரலா?" என்றார் உபவிதி. "இது ஆபீஸ் பந்தும்மா."

"ஆடப்போறது நான் மட்டும்தானே சார்?"

"இன்னிக்கு நீங்க. நாளைக்கு நீங்க ரிட்டயர் ஆயிருவீங்க. பந்து ரிட்டயர் ஆகுமா?"

அலுவலகத்தில் எல்லாருடைய விரல்களையும் அளந்தார்கள். வாசல் காவலரின் வாழைத்தண்டு விரல்கள், தட்டச்சு செய்யும் பெண்ணின் குச்சி விரல்கள், இயக்குநரின் மோதிரம் இறுகிய விரல்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பங்கிட்டு, தர விரல் என்று ஒன்றை உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட விரல் அலுவலகத்தில் ஒருவருக்கும் இல்லை. அதற்குத்தான் துளை போட்டார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவர் கேட்டார். "பந்து எப்படி இருக்கு?"

"மூணு துளை இருக்கு. மூணும் வேற யாருக்கோ இருக்கு."

"அப்போ அக்காகிட்ட இந்த வருஷமும்..."

"கோப்பையைத் துடைக்கற துணி எங்கங்க வச்சீங்க?" என்றாள் அவள். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார்.

பந்து வெளியீட்டு விழா அலுவலக அரங்கில் நடந்தது. மேடையில் சின்னதாக ஒரு பாதை போட்டு, கோடியில் கட்டைகளை நிறுத்தியிருந்தார்கள். இயக்குநர் முதல் பந்தை உருட்டித் தொடங்கிவைக்க வேண்டும். ரிப்பனை வெட்டினார். பந்தை எடுத்தார். கட்டைவிரல் உள்ளே போக மறுத்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அழுத்தினார். போய்விட்டது. கையை வீசினார். கை போனது, பந்தும் கூடவே போனது, அவரும் இரண்டடி போனார். பந்து மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

மறுபடி வீசினார். முன்வரிசை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

உபவிதி காதருகே குனிந்தார். "சார், மாட்டிக்கிச்சா?"

"மாட்டல. பிடிச்சிருக்கேன்" என்றார் இயக்குநர். பிறகு ஒலிபெருக்கி முன்னால் போய், பந்தைக் குழந்தைபோல் இடுப்பில் தாங்கிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"தரமான பொருள்னா என்ன? உபயோகிக்கறவரை விட்டுப் பிரியாத பொருள்! இந்தப் பந்தைப் பாருங்க. கீழ வைக்க எனக்கு மனசே வரல. சந்தையில எத்தனையோ பந்து இருக்கு. உருட்டினா ஓடிப்போயிரும். நம்ம பந்து ஓடாது!"

பேச்சு நீண்டது. முடித்தால் கையைக் கீழே போட வேண்டியிருக்கும் என்பதால் அவர் முடிக்கவில்லை. பிறகு பந்தோடு சாப்பிட உட்கார்ந்தார், இடது கையால் சாப்பிட்டார். பந்தோடு காரில் ஏறினார். எண்ணெய் விட்டால் விரல் வந்துவிடும் என்று ஓட்டுநர் சொன்னபோது, எந்த எண்ணெய், எவ்வளவு என்பதில் எண்ணெய் அதிகாரிக்கும் உபவிதிக்கும் கார் வாசலிலேயே வாக்குவாதம் வந்தது. அந்தச் சந்தடியில் ஓட்டுநர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை எடுத்து ஊற்றி விரலை உருவிவிட்டார். அளக்கவில்லை என்பதற்காக அவருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது.

போட்டி நாளும் வந்தது. குடையம்மா அந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கூடத்து மேலாளர் அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்ததும் பாதைக்குக் குறுக்கே போய் நின்றார். குழு வரவில்லை, தான் மட்டும்தான் என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகே விலகினார்.

அவளுக்கும் நாத்தனாருக்கும் ஒரே பாதை. முதல் பந்து தர விரல் துளையிலிருந்து நழுவி, பக்கத்துப் பாதையில் ஆடியவருக்கு நாலு கட்டைகள் சாய்த்துக் கொடுத்தது. அவர் நன்றி சொன்னார். இரண்டாவது, நேராகப் பாதையோரப் பள்ளத்தில் இறங்கியது. மூன்றாவது முறை பந்தை எடுக்கக் குனிந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பார்க்க வேண்டாம் என்று நினைத்தார் போலும்.

நாத்தனார் எழுந்து வந்தார். அவள் கையிலிருந்த பந்தை வாங்கித் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாருக்குப் போட்ட துளை இது?"

"யாருக்கும் இல்ல அண்ணி. எல்லாரையும் கூட்டிப் பங்கிட்டது."

"கண்றாவி." நாத்தனார் தன் பையைத் திறந்து இரண்டாவது பந்தை எடுத்தார். "இந்தா. உனக்கும் எனக்கும் விரல் ஒரே வாகுதான். உன் வளையல் எனக்குச் சேருதுல்ல? பிடி."

"வேணாம் அண்ணி. சோதிக்காத பொருளைத் தொட்டா எனக்கு மெமோ வரும்."

"வரட்டும். நான் ஜெயிச்சா உன்னை ஜெயிக்கணும்மா, உன் ஆபீஸை இல்ல. உன் ஆபீஸை யார் வேணா ஜெயிக்கலாம். இப்படி ஜெயிச்சுட்டு வந்து நான் வீட்ல என்ன பீத்திக்கறது?"

குடையம்மா வாங்கினாள். கட்டைவிரல் உள்ளே போய் வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்தது. பந்து பாதிப் பாதை நேராக ஓடியது, எண்ணெய் முடியும் இடத்தில் உள்பக்கம் வளைந்தது, பத்தையும் வாரிக்கொண்டு போனது. "ஏய்!" என்று நாத்தனார் கத்தினார். சந்தோஷத்தில் கத்தினாரா, கொடுத்துவிட்டோமே என்று கத்தினாரா என்று அவருக்கே தெரியவில்லை. அதன்பிறகு இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். கடைசிப் பந்தில் நாத்தனாருக்கு ஒரு கட்டை ஆடி ஆடி நின்றுவிட்டது. அந்த ஒற்றைக் கட்டை வித்தியாசத்தில் குடையம்மா ஜெயித்தாள். வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் நாத்தனார் அந்தக் கட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுழற்கோப்பை இனி அலுவலகத்துக்குச் சொந்தம் என்று இயக்குநர் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். வீட்டு ஹாலில் கோப்பை இருந்த இடத்தில் குடையம்மா எதையும் வைக்கவில்லை. காலியாகவே விட்டாள்.

பாராட்டுக் கூட்டத்தில் இயக்குநர் சொன்னார்: "ஜெயிச்சது நம்ம ஊழியர். ஆனா அவங்க ஆடினது வேற பந்து. இதுலேர்ந்து என்ன தெரியுது? நம்ம பந்து இன்னிவரைக்கும் ஒரு போட்டியிலகூடத் தோத்ததில்ல!"

கூட்டம் முடிந்ததும் அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழைக் கொடுத்தார்கள். அதே உறையில் ஒரு மெமோவும் இருந்தது. சோதிக்கப்படாத பந்தைக் கொண்டு வெற்றி பெற்றது ஏன் என்று உடனடியாக விளக்கம் தர வேண்டும்.

மாலையில் நாத்தனார் வந்தபோது அவள் சமையலறை மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துளை பெரிசு, விரல் சிறிசு என்று ஆரம்பித்து அடித்திருந்தாள்.

"காரணம் எழுதுறியா? கெட்டுது போ" என்றார் நாத்தனார். "எத்தனை பேர் எனக்கு விளக்கம் எழுதியிருக்கான் தெரியுமா? காரணம் எழுதினா மேலதிகாரி படிப்பான். படிச்சா அதுல நொட்டை கண்டுபிடிப்பான். வருத்தம் எழுது. வருத்தத்தைப் பார்த்தா மனசு குளுந்து ஃபைல்ல சொருகிருவான்."

"ஜெயிச்சதுக்கு எப்படி அண்ணி வருத்தப்படறது?"

"தோத்தவ நான் சொல்றேன், எழுது."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: "ஐயா, வெற்றி பெற்றதற்கு மிகவும் வருந்துகிறேன். இனி இத்தகைய தவறு நேராது. அடுத்த ஆண்டு முதல் எல்லாவற்றையும் நடுத்தரமாக மட்டுமே செய்வேன் என்று உறுதி கூறுகிறேன்." எழுதி முடித்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். உள்ளே வந்த கணவர், என்ன என்று கேட்டுப் பதில் கிடைக்காமல் திரும்பிப் போனார்.

இயக்குநர் அந்தக் கடிதத்தை இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உபவிதியைக் கூப்பிட்டு, இவ்வளவு பண்பான விளக்கத்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். மற்ற ஊழியர்களும் இப்படி ஓர் உறுதியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை போட்டார். முதல் வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தைத் தட்டச்சு செய்து எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பினார்கள். எண்ணெய்க்காரர் கையெழுத்துப் போட்டார். கால்பந்துக்காரர் நொண்டிக்கொண்டே வந்து போட்டார். உபவிதி எல்லாப் பக்கத்திலும் போட்டார்.

இயக்குநர் கடைசியாகப் பேனாவை எடுத்தார். எதையும் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் அவருக்கு இல்லை. நிதானமாகப் படித்தார். 'அடுத்த ஆண்டு முதல்' என்பதை அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் 'வழக்கம் போலவே' என்று திருத்தினார்.